கீமோவும் காது இரைச்சலும்: வைட்டமின் மாத்திரை காக்குமா?

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு காதிலும் 'ஙொய்' என்று இரைச்சல். வைட்டமின் ஈ, அசிட்டில்சிஸ்டீன் கொடுக்கலாமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் இரைச்சலைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிஸ்பிளாட்டின் உள்காதில் தங்கி, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கி, ஒலியை உணரும் மயிர்செல்களைக் கொல்கிறது. அவை மறுபடி முளைப்பதில்லை. அந்த மூலக்கூறுகளை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் (வைட்டமின் ஈ, அசிட்டில்சிஸ்டீன் போன்றவை) உதவும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் அதே மாத்திரை புற்றுசெல்லுக்கும் கேடயமாகிவிடலாம். விழுங்கும் மாத்திரை எதுவும் காதைக் காக்கும் என்று இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை.

காதைக் காக்க ஊசியாக ஏற்றும் சோடியம் தயோசல்பேட் மட்டும் வேறு கதை. உடலில் பரவாத கட்டியுள்ள குழந்தைகளுக்காக 2022-இல் அமெரிக்கா அனுமதித்தது. சிஸ்பிளாட்டின் முடிந்து 6 மணி நேரம் கழித்தே நரம்பில் ஏற்றுவார்கள். முந்தினால் சிஸ்பிளாட்டினையே செயலிழக்கச் செய்துவிடும். நேரம் அவ்வளவு முக்கியம் என்றால், வேளை பார்க்காமல் வீட்டில் போடும் மாத்திரையை நினைத்துப் பாருங்கள்.

செவித்திறன் பரிசோதனை கேளுங்கள், 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், அதாவது மிகக் கீச்சான ஒலிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இழப்பு அங்கேதான் தொடங்கும். பேச்சு நன்றாகக் கேட்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜென்டாமைசின் (கிருமிக்கொல்லி மருந்து), ஃபியூரோசமைடு (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) கொடுத்தார்களா என்றும் கேளுங்கள், இரண்டும் பாதிப்பைக் கூட்டும். சிஸ்பிளாட்டின் அளவைக் குறைப்பதா, கார்போபிளாட்டின் என்ற வேறு கீமோ மருந்துக்கு மாறுவதா என்பதை மருத்துவர்கள் முடிவுசெய்யட்டும். பயந்து நீங்களாக ஒரு வாரத்தைக்கூடத் தவறவிடாதீர்கள்.