மானைப் பாருங்கள், புலி கிடைக்கும்

வாசகர் கேள்வி, கேமராக்காரர் பதில்

பதில் சொல்பவர் சேலம் செவ்வாய்பேட்டையில் ஸ்டூடியோ நடத்துகிறவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் காட்டில் இருப்பவர். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புலி, சிறுத்தை வேட்டையைப் படம் எடுப்பது பற்றியவை. அவற்றில் சில இங்கே.

அழகாபுரம் வாசகர்: ஏப்ரலில் குடும்பத்தோடு கர்நாடகத்தின் கபினி காட்டுக்குப் போகிறோம். என்னிடம் 70-300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. புலியோ சிறுத்தையோ மானை வேட்டையாடுவதை எப்படியாவது எடுத்துவிட வேண்டும். வழி சொல்லுங்கள்.

அந்த ‘எப்படியாவது’வை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மற்றபடி மாதம் நல்ல மாதம். கோடையில் காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் வற்றிவிடும். கபினி அணையில் நீர் இறங்கிய கரைகளில் பசும்புல் இருக்கும். யானை, மான், காட்டெருமை எல்லாம் அங்கே வரும். அவற்றின் பின்னாலேயே மற்றவர்களும் வருவார்கள். இலை உதிர்ந்த காட்டில் நம் கண்ணும் கொஞ்சம் உள்ளே போகும்.

புதிதாகப் போகிறவர்கள் ஜீப்பில் ஏறியதும் புதருக்குள் மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று துழாவ ஆரம்பிப்பார்கள். பதுங்கியிருக்கும் புலி அப்படி லேசில் கண்ணில் பட்டால் அது பட்டினிதான் கிடக்க வேண்டும். மானைப் பாருங்கள். மேய்ந்துகொண்டிருக்கும் புள்ளிமான் கூட்டத்தில் ஒன்று சட்டென்று நிமிரும். காது இரண்டும் ஒரே பக்கம் திரும்பும், முன்காலால் தரையைத் தட்டும், வால் மேலே எழும். பக்கத்தில் நிற்பவையும் அதே திசையைப் பார்க்கும். அந்த மூக்குகள் காட்டும் கோட்டில்தான் ஆள் இருக்கும். புள்ளிமான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, சும்மாவே கத்திவிடும். கடமான் அப்படியில்லை. அதன் கனத்த ஒற்றைக் குரல் கேட்டால் டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியைத் திருப்புவார்கள். சாம்பல் மந்தி மரத்து உச்சியிலிருந்து பார்ப்பதால் அது சொல்வதையும் நம்பலாம்.

ஆனால் எச்சரிக்கைக் குரல் கேட்டுவிட்டால் அந்த வேட்டை அநேகமாக முடிந்தது. தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று புலிக்கும் தெரிந்துவிடும், எழுந்து நடையைக் கட்டிவிடும். குரலால் உங்களுக்குக் கிடைப்பது புலி இருக்கும் இடம் மட்டும்தான். அப்புறம் அவசரப்படாமல், தள்ளி நின்று, கூடவே இருக்க வேண்டும். வண்டித்தடத்தில் நடந்து வரும் புலி நடுவில் நின்று தலையைத் தோளுக்குக் கீழே இறக்கினால், அது பார்க்கும் பக்கம் பாருங்கள். இன்னும் எதுவும் தெரியாத மான் ஒன்று அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். உங்கள் படம் இப்போதுதான் ஆரம்பம்.

இந்த நேரத்தில் ஜீப்பில் எல்லாரும் புலியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு கண்ணை வியூஃபைண்டரிலும் இன்னொரு கண்ணை மான் மேலும் வைத்திருப்பேன். மான் குனிந்து மேயும்போது புலி நகரும். மான் நிமிர்ந்தால், தூக்கிய காலைத் தூக்கியபடியே உறைந்து நிற்கும். ஷட்டரை எப்போது அழுத்துவது என்பதை மான்தான் நமக்குச் சொல்கிறது. தூக்கிய முன்கால், முதுகுக்கு மேல் புடைத்து நிற்கும் தோள்பட்டை, வால் நுனியில் ஒரு துடிப்பு, இதெல்லாம் ஒரே படத்தில் விழுந்துவிட்டால் எனக்குப் பாய்ச்சலே தேவையில்லை. வயிறு தரையில் படப் படுத்து, பின்கால்களை மாற்றி மாற்றி ஊன்ற ஆரம்பித்தால் பாயப்போகிறது. சிறுத்தையிடம் இன்னொரு அடையாளம் உண்டு. வாலை மேலே வளைத்து, நுனியின் அடிப்பக்க வெள்ளை தெரிய நடந்து போனால் அதற்கு இப்போதைக்கு வேட்டை எண்ணம் இல்லை. அந்த நேரத்தில் பேட்டரி மாற்றிக்கொள்ளலாம்.

70-300 போதுமா என்ற கவலை வேண்டாம். பக்கத்து ஜீப்பில் 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்குப் புலியின் மீசை கிடைக்கும், மான் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். பார்க்கிறவருக்குப் பதைப்பு வருவது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துத்தான். இரண்டையும் ஃபிரேமுக்குள் வையுங்கள், ஃபோகஸ் புலியின் கண்ணில் இருக்கட்டும். மான் மங்கலாக இருந்தாலும் மான் என்று தெரிந்தால் போதும். மறந்துவிட்டேனே, கர்நாடக சஃபாரிகளில் லென்ஸின் நீளத்தைப் பொறுத்துத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓமலூர் வாசகர்: புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே? பதுங்கினால் கட்டாயம் பாயும் என்று நம்பிக் காத்திருக்கலாமா?

பழமொழி சொன்னவர் பாய்ந்த புலியை மட்டும் பார்த்திருப்பார் போல. காய்ந்த தேக்கிலை ஒன்று நொறுங்கினால் போதும், அல்லது ஒரு மயில் கத்தினால் போதும், புலி சலிப்போடு எழுந்து போய்விடும். பாய்ந்தாலும் பத்தில் ஒன்று தேறினால் அதிகம் என்பதுதான் பொதுவான கணக்கு.

பாய்ச்சல்தான் வேண்டும் என்றால் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி. பகலில், திறந்தவெளியில், நம் கண்ணெதிரே வேட்டையாடும் பெரும்பூனை அதுதான். ஆடியில் கல்யாண ஆர்டர் இல்லாத எங்கள் தொழில்காரர்கள் சிலர் கடன் வாங்கியாவது கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகிறார்கள். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் என்னும் மறிமான் கூட்டங்கள் அங்கே வந்து சேர்வதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். ஆனால் ஒரு சிவிங்கிப்புலியைச் சுற்றி வண்டிகள் வட்டம் கட்டி நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மாராவில் சுற்றுலா வண்டிகள் அதிகம் திரியும் பகுதிகளில் தாய்கள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் மிகவும் குறைவு என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. போகிறவர்கள் அந்த வட்டத்தில் சேராத டிரைவரைக் கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆத்தூர் வாசகர்: என் படங்களில் புல் துல்லியமாகவும் சிறுத்தை மங்கலாகவும் வருகிறது. செட்டிங் என்ன வைப்பது?

கேமரா மேல் தப்பில்லை. முன்னால் எது நிற்கிறதோ அதைப் பிடிப்பதுதான் ஆட்டோஃபோகஸின் குணம். புல்லுக்குப் பின்னால் விலங்கு இருக்கும்போது பெரிய ஃபோகஸ் பகுதியை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். புதிய கேமராக்களில் விலங்கின் கண்ணைத் தானே தேடும் வசதி இருக்கிறது. முகம் முழுதாகத் தெரியும்போது பிரமாதம், புல்லுக்கு நடுவே பாதி முகம் என்றால் திணறும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிவிட்டால், ஒருமுறை பிடித்ததை விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கலாம்.

ஷட்டர் வேகம் இரண்டு விதமாகத் தேவைப்படும். பதுங்கி நகர்வதற்கு 1/500 விநாடி தாராளம், பாய்ச்சலுக்கு 1/1600-க்குக் குறையக் கூடாது. அந்த நேரத்தில் டயலைத் திருப்ப விரல் வராது. மோட் டயலில் நம் செட்டிங்கைச் சேமித்துவைக்கும் சி1, சி2 இருந்தால் ஒன்றில் பதுங்கலையும் மற்றொன்றில் பாய்ச்சலையும் முன்கூட்டியே போட்டுவையுங்கள். விடியற்காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு, 3200 வரை போனால் போகட்டும். புள்ளிபுள்ளியாக இருக்கும் படத்தைப் பிறகு சரிசெய்யலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பதுங்கலுக்கு ஏற்றது. பாய்ச்சலில் சில கேமராக்களில் அது விலங்கின் காலை வளைத்துக் காட்டிவிடும், மெக்கானிக்கலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஏற்காடு வாசகர்: எங்கள் காபி எஸ்டேட் பக்கம் சிறுத்தை வந்து போவதாக வேலையாட்கள் சொல்கிறார்கள். ஓர் ஆட்டைக் கட்டிவைத்து, பரண் போட்டு, இரவில் உட்கார்ந்தால் நல்ல படம் கிடைக்காதா?

வழக்குக் கிடைக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே இரை வைத்து ஈர்ப்பதும் அடங்கும். துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்றில்லை. சிறுத்தையோ அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். ஆட்டுக்காக வந்து பழகிய சிறுத்தை நாளைக்கு எங்கே போகும்? உங்கள் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குத்தான். எஸ்டேட்டுக்கு அது பெரும்பாலும் நாய்க்காகத்தான் வரும். நாயை இரவில் உள்ளே கட்டுங்கள், குழந்தைகளை இருட்டில் தனியாக அனுப்பாதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கால்தடம், எச்சம் பார்த்த இடங்களையும் அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சரி என்றால், அவர்கள் சொல்லும் இடத்தில் தானியங்கிக் கேமராவைக் கட்டலாம். விலங்கு தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் இந்த முறை புதிதல்ல. வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களிலேயே வட இந்தியக் காடுகளில் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலி தட்டியதும் ஃபிளாஷ் எரியும்படி செய்து படம் எடுத்தார். ஆனால் அந்தப் படத்தில் கிடைப்பது நடந்து போகும் விலங்குதான். பதுங்கலை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் சேர்வராயன் மலையில் பொழுது சாய்ந்த பிறகு சிறுத்தையைத் தேடி நடந்தால் முதலில் எதிரே வருவது காட்டெருமையாக இருக்கும். அது பதுங்காது. எந்த எஸ்டேட், எந்த வளைவு என்று பெயர் போட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் விடவும் வேண்டாம். மறுநாளே கொண்டை ஊசி வளைவுகள் இருபதிலும் கார் வரிசைகட்டி நிற்கும்.

சேலம் கல்லூரி மாணவி: காட்டுக்குப் பச்சை நிற உடைதான் போட வேண்டுமா? புலியே பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில்தானே இருக்கிறது?

நல்ல கேள்வி. மானுக்கு நம்மைப் போல மூன்று நிற உணர்வு கிடையாது, இரண்டுதான். நமக்கு ஆரஞ்சாகத் தெரியும் புலி அதன் கண்ணுக்குப் பச்சைக்குள் கலந்துபோன ஒன்று. நிறத்தைவிட அசைவுதான் மானை உஷார்ப்படுத்தும். அதனால் உடை மங்கலாக இருந்தால் போதும், ஜீப்பில் எழுந்து நிற்காமல் இருப்பது அதைவிட முக்கியம். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் துப்பட்டா மட்டும் வேண்டாம்.

அம்மாபேட்டை வாசகர்: காட்டுக்குப் போக வசதி இல்லை. உள்ளூரில் பழக வழி உண்டா?

உங்கள் தெருவிலேயே ஒரு பூனை இருக்குமே! காலை ஏழு மணிக்கு மதில் மேல் அணிலைப் பார்த்துவிட்ட பூனையை எடுத்துப் பழகுங்கள். தலையை இறக்குவது, உறைந்து நிற்பது, வால் நுனி துடிப்பது, பாயும் முன் பின்காலை ஊன்றிப் பார்ப்பது எல்லாம் அப்படியே இருக்கும். தரையோடு தரையாகப் படுத்து எடுங்கள், பூனையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் வரட்டும். அணில் நிமிர்ந்ததும் பூனை நிற்பதை நாலு நாள் கவனித்தாலே விரல் தானாகப் பழகிவிடும். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கும் போகலாம். மான் காதைத் திருப்புவது, காலைத் தட்டுவது எல்லாம் அங்கேயே பார்க்கக் கிடைக்கும்.

தாரமங்கலம் வாசகர்: ஜீப்பில் டிரைபாட் வைக்க இடமில்லை என்கிறார்களே, கை நடுங்காமல் இருக்க என்ன செய்வது?

லென்ஸைத் தாங்க ஒரு பீன் பேக் தைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்தால் ஆயிற்று. உள்ளே இரண்டு கிலோ பச்சைப்பயறு. வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர், சேலத்தில் மலிவாயிற்றே என்று ஜவ்வரிசியை அடைத்துக்கொண்டு வந்தார். மத்தியான மழையில் அது கூழாகி லென்ஸில் அப்பிக்கொண்டது. வண்டி நின்றதும் என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எந்தப் பை வைத்தாலும் நடுக்கம் போகாது. அணைத்த பிறகு ‘இன்னும் கொஞ்சம் முன்னால போங்கண்ணா’ என்று டிரைவரைக் கேட்காதீர்கள். அந்தச் சத்தத்துக்கே மான் நிமிர்ந்துவிடும்.