பிளிமத் கிளிஞ்சலில் ஒட்டியிருந்த குழாய்கள்: எந்தத் தொகுதி?

கிளிஞ்சலில் ஒட்டியிருந்த அந்த நுண்குழாய்களை விலங்குகளின் எந்தத் தொகுதியில் (phylum) சேர்ப்பது என்று கேட்டீர்கள். அரைநாணிகள் (Hemichordata எனும் கடல்வாழ் விலங்குத் தொகுதி) என்றே எழுதுங்கள். நீங்கள் சொல்லும் வளையக் கோடுகளும் குழாயடியில் ஓடும் கறுப்பு இழையும் சரியென்றால் அது ராப்டோப்ளூரா (Rhabdopleura) எனும் பேரினம்; வகுப்பு டெரோபிராங்கியா.

உங்கள் பழைய நூல் இதைப் பாசிவிலங்கு (Bryozoa, பாசிபோல் படர்ந்து கூட்டாக வாழும் சிற்றுயிர்) என்று சொல்வதில் வியப்பில்லை. 1869-இல் விலங்கியலாளர் ஆல்மன் இதை விவரித்தபோது அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தார். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத உயிர், குழாய், கூட்டு வாழ்க்கை, யாரும் ஏமாறுவார்கள்.

நுண்ணோக்கியில் இதைப் பாருங்கள். படர்ந்து கிடக்கும் குழாயின் மேல்புறத்தில் அரைவளையங்கள் சந்திக்கும் இடம் வளைந்து வளைந்து, கோணல்மாணலாக ஓடும். நிமிர்ந்த குழாயில் முழு வளையங்கள். உயிர் வெளியே நீட்டினால் இறகு போல ஒரே ஒரு சோடிக் கைகள். பாசிவிலங்கென்றால் வாயைச் சுற்றி உணர்விழைகள் இருக்கும். கைகள் பல சோடி இருந்து, உயிர்களை இணைக்கும் இழையும் இல்லையென்றால் அதே வகுப்பின் இன்னொரு பேரினமான செபலோடிஸ்கஸ் பக்கம் போங்கள்.

வேறொரு நூலில் 'கிராப்டோலைட்' என்று பார்த்துக் குழம்பினீர்களே, அதுவும் பிழையில்லை. 2013 ஆய்வொன்று ராப்டோப்ளூராவை அந்தப் புதைபடிவக் குழுவின் உயிரோடிருக்கும் உறுப்பினராகவே வைத்தது. தொகுதி மாறவில்லை, உட்பிரிவுதான் மாறியது.

ஒன்று: காய்ந்த வெறுங்குழாய் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். சில ஹைட்ராய்டுகளின் (ஜெல்லிமீன்களுக்கு உறவான, செடிபோல் ஒட்டி வளரும் உயிர்கள்) உறையிலும் வளையங்கள் உண்டு.