எட்டாத ஆடியோ கேபிள்

கேள்வி: தொலைக்காட்சியையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ஆடியோ கேபிள் எட்டவில்லை. அதை வெட்டி, நடுவில் வேறு வயரை முறுக்கி நீட்டலாமா?

பதில்: கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். முனையில் இருப்பது 3.5 மி.மீ. பின் என்றால், அதற்கான நீட்டிப்புக் கேபிளே போதும். பின்னின் உலோகத்தைப் பிரிக்கும் வளையங்களை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் ஸ்டீரியோ ஒலி மட்டும், மூன்று இருந்தால் பெரும்பாலும் மைக் இணைப்பும் சேர்ந்தது. மைக் உள்ள ஹெட்செட்டுக்கு இரண்டு வளையக் கேபிளைப் பொருத்தினால், பாட்டு கேட்கலாமே தவிர உங்கள் குரல் மறுமுனைக்குப் போகாது.

முறுக்கி இணைப்பதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஆடியோ கேபிளுக்குள், சிக்னல் வயர்களைச் சுற்றி மெல்லிய கம்பிகளாலான உறை ஒன்று இருக்கும். வெளி மின்சாரத்தின் இரைச்சலைத் தடுப்பது அதுதான் என்பதால், இடையில் சாதாரண வயரைச் சேர்த்தால் அந்த இடத்தில் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் புகுந்துவிடும். ஹெட்போன் வயரிலோ, தலைமுடி போன்ற இழைகளின்மேல் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சூட்டினாலோ சுரண்டியோ நீக்கி, சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) வைக்காமல் எத்தனை முறுக்கு முறுக்கினாலும் சத்தம் வராது.

ஐந்து மீட்டர் வரை நீட்டினாலும் ஒலியில் வேறுபாடு தெரியாது. நீட்டிய கேபிளை மின்வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கடந்தே ஆகவேண்டுமெனில் குறுக்காகக் கடக்கட்டும்.