பழைய துணிகளை வைத்து வீட்டிலேயே தரைவிரிப்பு நெய்ய முடியுமா? நம் ஊர் நிலக்காட்சியை அதில் கொண்டுவர முடியுமா?

முடியும். நான் நெய்த இரண்டாவது விரிப்பு எங்கள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. முதலாவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எங்களுக்குத் தேரிக்காட்டுப் பக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் சுற்றியவர்களுக்குத் தெரியும். இரும்புத்தாது படிந்து சிவந்த மணல் மேடு மேடாகக் கிடக்கும், இடையிடையே பனை. அதைத்தான் நெய்ய ஆசைப்பட்டேன்.

தறி என்று பயப்பட வேண்டாம். இரண்டடிக்கு மூன்றடி மரச்சட்டம், மேலும் கீழும் அரை அங்குலத்துக்கு ஓர் ஆணி, அவ்வளவுதான். பாவுக்கு, அதாவது மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் நெடுக்காகக் கட்டும் இழைக்கு, நன்றாக முறுக்கிய பருத்தி நூல் வாங்குங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று சாக்குத் தைக்கிற சணல் நூலைக் கட்டினேன். பாதி நெசவில் இரண்டு இழை அறுந்து போயிற்று.

பாவின் குறுக்கே நெய்யும் ஊடைக்குத்தான் பழைய துணி. இரண்டு பருத்திச் சேலையும் ஒரு வேட்டியும் போதும். பாலியெஸ்டர் வழுக்கும், வேண்டாம். நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்குக் கையாலேயே கிழியுங்கள். கத்தரியை விட இது நேராகப் போகும். துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைத்தால் காலில் குத்தும். நுனிகளில் சிறு கீறல் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுத்துவிடுங்கள்.

சரி, முதல் விரிப்பு. ஒவ்வொரு வரியையும் விறைப்பாக இழுத்து இழுத்து நெய்தேன். இறக்கிப் பார்த்தால் நடுவில் ஒடுங்கி, அசல் உடுக்கை! ஊடையை நேராக இழுக்கக் கூடாது. வில் மாதிரி வளைத்துப் போட்டு, அப்புறம் முள்கரண்டியால் தட்டி இறக்க வேண்டும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு சேலை மிஞ்சியிருக்கும்.

காட்சி விஷயத்திலும் அதே கதைதான். பனைமரங்களை ஒவ்வொன்றாக நெய்தேன். வரிசையாகத் துடைப்பம் நட்டு வைத்தது போலிருந்தது. பாவும் ஊடையும் குறுக்கு நெடுக்குத்தானே, வளைவு படிக்கட்டாகத்தான் வரும். அதனால் இரண்டாவதில் படம் போடவில்லை. அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன். தேரியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு முக்கால்வாசி மணல், மேலே வெளிறிய வானம். மணலுக்கு அப்பாவின் காவி வேட்டியும் அம்மாவின் அரக்குச் சேலையும், வானத்துக்கு வெளுத்துப்போன நீலச் சேலை. நடுவே பனைவரிசைக்காக நாலே வரி பனைநார், நார்க்கட்டில் பின்னுவார்களே, அதுதான்.

நாரை நனைக்காமல் வளைத்தால் ஒடியும். சொட்டச் சொட்ட நெய்தாலும் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதமானதும் நெய்துவிட்டு, மறுநாள் இன்னொரு முறை தட்டி நெருக்கினேன்.

கிழிப்பதற்கு முன் ஒவ்வொரு துணியையும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. ஒரு மழைச் சாரலில் காவி இறங்கி, வாசல் டைல்ஸ் இன்னும் தேரி நிறத்தில்தான் இருக்கிறது.