மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ: ஒரு வயசிலயிருந்து மூண்டு வயசு வரை

திருகோணமலையில குழந்தைகள் கிளினிக்கில வேலை செய்யிற தாதி பதில் சொல்லுறா. வலிப்பு, மூச்சிழுப்பு, எதையும் விழுங்கினது எண்டா எழுதிப்போட்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம், நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

உவர்மலை, அம்மா: மகனுக்கு ரெண்டேகால் வயசு. சோறு வாயில வைச்சாத் துப்புறான். பால் மட்டும் நல்லாக் குடிப்பான், 8 அவுன்ஸ் போத்தலில நாளைக்கு அஞ்சு தரம். பசி எடுக்க ஒரு விற்றமின் சொல்லுங்கோ மிஸ்ஸி.

மிஸ்ஸி: விற்றமினை விடுங்கோ தங்கச்சி, முதல் கணக்கைப் பாருங்கோ. 8 அவுன்ஸ் எண்டா 240 மில்லி. அஞ்சு போத்தல் 1200 மில்லி. முழு ஆடைப் பாலில 100 மில்லிக்கு 60 கலோரிக்கு மேல இருக்கு. அப்ப பாலில மட்டும் 700க்கு மேல போகுது. இந்த வயசுக்கு நாள் முழுக்கத் தேவையே ஆயிரம் சொச்சம்தான். நீங்கள் மத்தியானம் கோப்பையோட போகேக்க அவன்ர வயிறு நிறைஞ்சு கிடக்கு. துப்பாம என்ன செய்வான்?

அதைவிட எனக்குக் கவலை இரும்புச்சத்து. நாளைக்கு 7 மில்லிகிராம் வேணும். 1200 மில்லி சாதாரணப் பாலில ஒரு மில்லிகிராம் கூடத் தேறாது. பாலில இருக்கிற கல்சியம், மற்றச் சாப்பாட்டில வாற இரும்பையும் உடம்பில சேர விடாது. கீழ்க் கண்ணிமையை இழுத்துப் பாருங்கோ. வெளிறிக் கிடந்தால், இல்லாட்டி மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்னுறான் எண்டால், கிளினிக்குக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கக் கேளுங்கோ.

பாலை 400 மில்லிக்குக் கொண்டு வாங்கோ. காலமை ஒரு கப், பின்னேரம் ஒரு கப், போத்தல் இல்லாம. 500க்கு மேல போகவே கூடாது. முதல் மத்தியானச் சோத்துக்கு முந்தின போத்தலை நிப்பாட்டுங்கோ. மூண்டு நாலு நாளுக்குப் பிறகு அடுத்தது. நித்திரைப் போத்தலைக் கடைசியா எடுங்கோ. ரெண்டு இரவுக்கு ஒருக்கா 30 மில்லி குறைச்சால் பதினாறு இரவில முடிஞ்சிடும். சாமத்தில எழும்பி அழுதால் தண்ணி குடுங்கோ. வாயில பால் போத்தலோட படுக்கிற பிள்ளைக்கு மேல் முன்பல்லுத்தான் முதல் கறுக்கும்.

மூண்டு நேரச் சாப்பாடு, இடையில ரெண்டு தரம் பழமோ அவிச்ச கௌபியோ. ஒவ்வொண்டுக்கும் நடுவில ரெண்டரை மூண்டு மணித்தியாலம் தண்ணியைத் தவிர ஒண்டும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். அரை மணித்தியாலத்தில கோப்பையை எடுங்கோ, ஏசாதேங்கோ. எதை, எப்ப, எங்க சாப்பிடுறது எண்டது உங்கட பொறுப்பு. எவ்வளவு எண்டது பிள்ளையின்ர பொறுப்பு. அமெரிக்கச் சத்துணவு நிபுணர் எலின் சாட்டர் இப்பிடிப் பிரிச்சுச் சொன்னவா. இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியேல்ல. முதல் நாலஞ்சு நாள் நல்லா அழுவான், கொஞ்சமாத்தான் சாப்பிடுவான். கன வீடுகளில மூண்டாம் நாள் போத்தல் திரும்ப வந்திடும். மூண்டு நாள் அழுதால் கிடைக்கும் எண்டதைப் பிள்ளை அதில படிச்சிடும்.

சோறு கையால பிசைஞ்சதா இருக்கட்டும், மிக்ஸியில அடிக்காதேங்கோ. பத்து மாசத்துக்குப் பிறகும் கூழாவே குடுத்தால் கட்டியைக் கண்டதும் ஓங்காளிக்கப் பழகிடும். பருப்பு, முருங்கையிலை, ரெண்டு சூடை மீன், மேல ரெண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி. அந்தப் புளிதான் இலையில இருக்கிற இரும்பை உடம்பில சேர்க்கும். சூடையின்ர நடு முள் லேசா உரிஞ்சு வரும். வயித்துப் பக்கத்து மயிர் முள் கண்ணுக்குத் தெரியாது. சதையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில நசிச்சு உருட்டினால் குத்தும், அப்ப எடுங்கோ. சுறா முள்ளில்லாதது எண்டு சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கினம். பெரிய மீனில பாதரசம் கூட, சூடை, கீரி, நெத்தலி போதும்.

சாம்பல்தீவு, தாத்தா: மிஸ்ஸி, பாலைக் குறைக்கச் சொல்லுறது சரியாப் படேல்ல. எங்கட மூண்டு பிள்ளையளும் மாப்பாலிலதான் வளந்ததுகள். ஒருத்தருக்கும் ஒரு குறையுமில்லை.

மிஸ்ஸி: ஐயா, நான் பாலை நிப்பாட்டச் சொல்லேல்ல. 1200ஐ 400 ஆக்கச் சொன்னன். உங்கட பிள்ளையள் எவ்வளவு குடிச்சதுகள், அதோட என்ன திண்டதுகள் எண்டதையும் யோசியுங்கோ. பாலோட சோறும் மீனும் திண்ட பிள்ளையும், சோத்துக்குப் பதிலாப் பால் குடிக்கிற பிள்ளையும் ஒண்டில்லை.

லிங்கநகர், அப்பா: ஐயா சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. 1 முதல் 3 வயசுக்கு எண்டு வாற பால்மா ரின்னில இரும்பு சேர்த்தது எண்டு போட்டிருக்கு. அதைக் குடுத்தால் உங்கட கணக்குப் பிழைக்கும்தானே?

மிஸ்ஸி: இரும்புக் கணக்கு மாறும், கலோரிக் கணக்கு மாறாது. வயிறு நிறைஞ்சுதான் கிடக்கும், மெல்லப் பழகாது. ரின்னைத் திருப்பிச் சேர்மானத்தைப் பாருங்கோ. நிறை கூடினது முன்னுக்கு வரும். சீனி, குளுக்கோஸ் சிரப், மோல்ற்றோடெக்ஸ்ற்றின் எண்டது எத்தனையாவதா நிக்குது? உலக சுகாதார நிறுவனம் 2023இல வெளியிட்ட வழிகாட்டலில 12 தொடக்கம் 23 மாசப் பிள்ளையளுக்கு இந்த வகைப் பால்மா பரிந்துரைக்கப்படேல்ல. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் எண்டு பாருங்கோ.

சாம்பல்தீவு, தாத்தா: அப்ப தாய்ப்பாலையும் குறைக்கவோ?

மிஸ்ஸி: இல்லை ஐயா, நல்ல கேள்வி. தாய்ப்பால் ரெண்டு வயசு வரையும் அதுக்கு மேலயும் குடுக்கலாம். பகலில சாப்பாட்டுக்குப் பிறகு குடுங்கோ, முந்திக் குடுக்காதேங்கோ.

கிண்ணியா, உம்மா: எங்கட வீட்டுல பால்மா இல்ல மிஸ்ஸி. உம்மம்மா காலையில பிளேன் டீயில பிஸ்கட் தோய்ச்சுக் குடுக்கிறா. அது பரவாயில்லத்தானே?

மிஸ்ஸி: பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன் தங்கச்சி. தேயிலை இரும்பைக் கட்டிப்போடும், கூடவே சீனி. உம்மம்மாவோட சண்டை பிடிக்க வேண்டாம். தோய்ச்சுக் குடுக்கிற வேலையை அவவிட்டயே விடுங்கோ. டீக்குப் பதிலா அவிச்ச பயறும் தேங்காய்ப்பூவும், இல்லாட்டி கிளினிக்கில தாற திரிபோஷா சத்துமாவை உருண்டையாப் பிடிச்சும் குடுக்கச் சொல்லுங்கோ.

பால்மா விசயத்தை இதோட நிப்பாட்டுறன். இன்னும் ஆறு பேர் "எந்தப் பால்மா நல்லம்?" எண்டு கேட்டிருக்கிறியள். மேல வாசியுங்கோ.

நிலாவெளி, அம்மா: போன் காட்டினால்தான் வாய் திறக்கிறாள். ஒண்டே முக்கால் வயசு.

மிஸ்ஸி: படம் பாக்கிற பிள்ளைக்குத் தான் என்ன தின்னுறன், வயிறு நிறைஞ்சிட்டுதோ எண்டது தெரியாது. வாய் தன்பாட்டில திறக்கும். ரெண்டு வயசுக்கு முந்தித் திரையே வேண்டாம், ரெண்டு தொடக்கம் நாலு வயசுக்கு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019இல சொல்லியிருக்கு. சாப்பாட்டு நேரம் வீட்டில ஒருத்தற்ற போனும் மேசையில இருக்கக் கூடாது, அப்பாவின்ரயும்தான். அவளுக்கெண்டு ஒரு கோப்பை, ஒரு சின்னக் கரண்டி. நீங்களும் கூட இருந்து சாப்பிடுங்கோ. சிந்தட்டும், கீழ ஒரு பழைய சீலையை விரிச்சுவிடுங்கோ. புதுச் சாப்பாட்டைப் பத்துப் பதினைஞ்சு தரம் கண்டபிறகுதான் கன பிள்ளையள் ஏற்கும். ரெண்டு தரம் துப்பினதோட "இவளுக்குக் கீரை பிடிக்காது" எண்டு முடிவு கட்டாதேங்கோ.

பாலையூற்று, அப்பா: நான் சிங்களம், மனைவி தமிழ். மகன் 22 மாசம், இன்னும் பேச்சில்லை. ரெண்டு மொழியால குழம்பிட்டான் எண்டு சொல்லுகினம்.

மிஸ்ஸி: ரெண்டு மொழியால பேச்சுப் பிந்தாது. ரெண்டிலயும் சொல்லுற சொல்லைச் சேர்த்து எண்ணுங்கோ, "வத்துர"வும் ஒரு சொல், "தண்ணி"யும் ஒரு சொல். 22 மாசத்தில ஒரு சொல்லும் இல்லையெண்டால் பாத்துக்கொண்டிருக்கிற வயசு தாண்டிட்டுது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புறானோ? வேணுமெண்டதை விரலால காட்டுறானோ? முந்திச் சொன்ன சொல் ஏதும் நிண்டுபோச்சோ? இந்த மூண்டுக்கும் விடையை எழுதிக்கொண்டு, பிள்ளையின்ர வளர்ச்சிப் பதிவேட்டோட இந்தக் கிழமையே போங்கோ. காது சோதனையை முதல் கேளுங்கோ. கதவுச் சத்தத்துக்குத் திரும்புற பிள்ளைக்கும் பேச்சு வடிவாக் கேளாமல் இருக்கலாம். வீட்டில நீங்கள் சிங்களத்திலயே கதையுங்கோ, அவ தமிழில கதைக்கட்டும். போன்ல ஓடுற இங்கிலீஷ் பாட்டை நிப்பாட்டுங்கோ. அது அவனுக்கு மறுமொழி சொல்லாது.

திருக்கடலூர், அம்மா: வாக்கர் வாங்கலாமோ? நடக்கப் பிந்துறான்.

மிஸ்ஸி: வேண்டாம். அதில பிள்ளை பெருவிரலால உந்தித் தள்ளும், தன்ர காலைப் பாக்காது, நிமிந்து நிக்கிற பழக்கம் இன்னும் பிந்தும். கனடாவில 2004இலயே விக்கத் தடை போட்டவை. பிடிச்சு உருட்டுற மரத்து நடைவண்டி நல்லம். 18 மாசமாகியும் தனிய நடக்கேல்ல எண்டால் காட்டுங்கோ.

வாக்கர் பிள்ளையை நொடியில கிணத்தடிக்கும் கொண்டு போயிடும். தண்ணி வராத நாளுக்கெண்டு எங்கட வீடுகளில வாளியும் பீப்பாவும் நிரப்பி வைக்கிறம். இந்த வயசுப் பிள்ளைக்குத் தலைதான் பாரம். எட்டிப் பாத்துக் குப்புற விழுந்தால் திரும்ப நிமிர ஏலாது. ஒரு சாண் தண்ணி காணும், சத்தமும் வராது. பீப்பாவுக்கு இறுக்கிற மூடி போடுங்கோ, குளிச்சு முடிஞ்ச வாளியைக் கவிழ்த்து வையுங்கோ.

மடத்தடி, அம்மா: காய்ச்சல் ரெண்டு நாள். பனடோல் எவ்வளவு? 10 கிலோ.

மிஸ்ஸி: 5 மில்லியில 120 மில்லிகிராம் எண்டு போத்தலில இருந்தால் 5 மில்லி, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளைக்கு நாலு தரத்துக்கு மேல இல்லை. ஐபுப்ரோஃபன் குடுக்காதேங்கோ, டெங்கு எண்டால் இரத்தம் கசியும். மூண்டாம் நாள் கட்டாயம் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டபிறகு சோர்வு, வயித்துக்குத்து, விடாத சத்தி, மூத்திரம் குறையிறது எண்டால் அதுதான் ஆபத்தான நேரம், உடன ஆஸ்பத்திரி.

உப்புவெளி, அம்மா: பின்னேரத்தில கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமோ?

மிஸ்ஸி: நாலு மணிக்குப் பிறகு தாராளமாப் போங்கோ, மண்ணில விளையாடட்டும். தண்ணியில கை எட்டுற தூரத்தில நில்லுங்கோ, போனைப் பையில வைச்சுக்கொண்டு. கச்சான் கொட்டை வாங்கிக் குடுக்காதேங்கோ. அஞ்சு வயசு வரை முழுக்கொட்டை வேண்டாம், மூச்சுக்குழலுக்குள்ள போகும். கால் கழுவக் கொண்டுபோன வாளியை வீட்டுக்கு வந்தும் கவிழ்த்து வையுங்கோ.

அன்புவழிபுரம், அம்மா: சாப்பிட மாட்டாள், பால் மட்டும்தான் குடிப்பாள்...

மிஸ்ஸி: முதலாவது பதில்.

தம்பலகாமம், அப்பா: ரிமோட்டில இருந்த வட்ட பற்றறி ஒண்டைக் காணேல்ல. மகளுக்கு ஒண்டரை வயசு. அழுகையில்லை, விளையாடுறாள். நாளைக்குப் பாப்பமோ?

மிஸ்ஸி: நாளைக்கில்லை, இப்பவே. தொண்டைக் குழாயில சிக்கினால் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள எரிச்சுத் துளைக்கத் தொடங்கும், அழுகை இல்லாததை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. சத்தி எடுக்க வைக்காதேங்கோ, சாப்பாடும் குடுக்காதேங்கோ. வீட்டில தேன் இருந்து, அவள் விழுங்கக்கூடியதா இருந்தால், போற வழியில பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு தேக்கரண்டி குடுக்கலாம். தேன் தேடி நேரத்தைப் போக்காட்டாதேங்கோ. ஒரு வயசு தாண்டாத பிள்ளைக்கெண்டால் தேன் கூடாது. எக்ஸ்ரே எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கு நேர போங்கோ, போன உடன "பற்றறி" எண்ட சொல்லை முதல் சொல்லுங்கோ. அதே ரிமோட்டில மற்றப் பற்றறி இருந்தால் கையோட கொண்டுபோங்கோ, அளவு பாக்கலாம்.