கிறிஸ்துமஸ் தீவு தடுப்பு முகாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிறிஸ்துமஸ் தீவு ஜாவாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கைக்கு எப்படிப் போனது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாஸ்பேட் செய்த வேலை. 1643-ல் கிறிஸ்துமஸ் அன்று அவ்வழியே போன ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ், பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனார். உரத்துக்கான பாஸ்பேட் ஆசையில்தான் 1888-ல் பிரிட்டன் தீவைத் தனதாக்கிக்கொண்டது. சீனாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கூலிகளை இறக்கிச் சுரங்கம் வெட்டினார்கள். சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்ட தீவு, 1958 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்டது. பரப்பு 135 சதுர கி.மீ. ஜாவா சுமார் 350 கி.மீ. தூரம், பெர்த் 2,600 கி.மீ. அடைக்கலம் தேடுவோரை ஏற்றிக்கொண்டு ஜாவாவிலிருந்து கிளம்பும் மரப்படகுக்கு மிக அருகில் உள்ள ஆஸ்திரேலிய மண் இதுதான். தடுப்பு முகாம் உட்பட மற்றதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: தீவு ஆஸ்திரேலியாவுடையது, ஆனால் அங்கே இறங்கினால் ஆஸ்திரேலியாவில் இறங்கியதாகாது என்கிறார்களே! இது என்ன கூத்து?
– வாசகர், திருச்சி

பதில்: கூத்துதான், ஆனால் சட்டப்படி நடந்த கூத்து. 2001 ஆகஸ்டில், மூழ்கவிருந்த படகிலிருந்து 433 பேரைக் காப்பாற்றிய நார்வே சரக்குக் கப்பல் டாம்பா இந்தத் தீவை நெருங்கியது. பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானின் ஹசாரா சிறுபான்மையினர். பிரதமர் ஹோவர்ட் அரசு அவர்களை இறக்க அனுமதிக்காமல், கப்பலுக்குள் ராணுவத்தை அனுப்பியது. அடுத்த மாதமே, குடிவரவுச் சட்டத்துக்கு மட்டும் இந்தத் தீவு ஆஸ்திரேலிய மண்ணாகக் கணக்கில் வராது என்று திருத்தம் வந்தது. வருமான வரி, தேர்தல், அஞ்சல் எல்லாவற்றுக்கும் ஆஸ்திரேலியாதான். விசா இல்லாமல் படகில் வந்தவருக்கு மட்டும் இல்லை.

நடைமுறையில் என்ன ஆகும்? சட்டத்தின் 46ஏ பிரிவுப்படி, அமைச்சர் மனது வைத்தாலொழிய அவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. விமானத்தில் வந்து அடைக்கலம் கேட்பவர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். படகில் வந்தவருக்கு அப்போது அந்த வழியும் அடைப்பு. அதிகாரி ஒருவர் விசாரித்தார். அவர் மறுத்தால், அரசு ஒப்பந்தத்தில் அமர்த்திய ஒருவர் மறுபடி பார்த்தார். இது சட்டத்துக்கு வெளியே செய்யும் விசாரணை, ஆகவே நீதிமன்றம் தலையிட முடியாது என்பது அரசின் வாதமாக இருந்தது. அந்த வாதத்தை உடைத்தவர்கள் 2009 அக்டோபரில் தீவுக்கு வந்த இரண்டு இலங்கைத் தமிழர்கள். ஒருவரைச் சிறைப்படுத்தி வைத்துக்கொண்டு நடத்தும் விசாரணை சட்டப்படியும் நியாயமாகவும் நடக்க வேண்டும் என்று 2010 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. (அங்கே உயர் நீதிமன்றம் என்றால் நம் உச்ச நீதிமன்றம்போல, குழம்ப வேண்டாம்.) அரசு பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. படகில் வருபவர்களைப் பொறுத்தவரை, 2013 மே மாதம் ஆஸ்திரேலியக் கண்டம் முழுவதையுமே குடிவரவுச் சட்டக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

கேள்வி: முகாம் எப்படிப்பட்டது? ஏன் அத்தனை செலவு?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: 2001-ல் பாஸ்பேட் ஹில் பகுதியில் தற்காலிகக் கொட்டகைகள்தான் இருந்தன. நிரந்தர முகாமுக்கு நார்த் வெஸ்ட் பாயின்ட் என்ற முனையைத் தேர்ந்தெடுத்தார்கள்: சுற்றிலும் தேசியப் பூங்காக் காடு, நடுவே பழைய சுரங்க நிலம். 1,200 பேருக்கு என்று திட்டமிட்டு, பிறகு 800 ஆகக் குறைத்தார்கள். செலவு மட்டும் குறையவில்லை. சுமார் 40 கோடி ஆஸ்திரேலிய டாலரில் போய் நின்றது. சிமென்ட், இரும்பு, அரிசி எல்லாம் கப்பலில். டாக்டர், வக்கீல், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் விமானத்தில். அதிலும் கப்பல் வரும் ஃப்ளையிங் ஃபிஷ் கோவ் திறந்த கடற்கரை. மழைக்காலத்தில் அலை எழும்பினால் சரக்கை இறக்க முடியாமல் கப்பல் நாள்கணக்கில் காத்து நிற்கும். அந்த அலையில்தான் 2010 டிசம்பர் 15 அன்று அகதிப் படகு ஒன்று பாறையில் மோதி நொறுங்கி 50 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற ஊர்க்காரர்கள் மிதவைச் சட்டைகளை வீசினார்கள். கிட்டே போக முடியவில்லை.

ஹோவர்ட் அரசு கட்டிய முகாமை, அதைக் குறை சொல்லி ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு 2008 டிசம்பரில் திறந்தது. உயர்ந்த கம்பி வேலி, கூண்டுபோல மூடிய நடைபாதை, எங்கும் கேமரா. சிறை மாதிரி இருக்கிறது என்று ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையமே எழுதியது. குழந்தைகளோடு வந்தவர்களை இங்கே வைக்காமல், கட்டடத் தொழிலாளிகள் தங்கியிருந்த பாஸ்பேட் ஹில் குடியிருப்பில் வைத்தார்கள். 2010-ல் தீவில் அடைபட்டவர்கள் 2,000-ஐத் தாண்டினார்கள். இடமில்லாமல் கூடாரம் போட்டார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போக, 2011 மார்ச்சில் கலவரம் வெடித்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது.

கேள்வி: ஈழத் தமிழர்களை மட்டும் தனியாக நடத்தினார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நாட்டின் பெயரைச் சொல்லியே விதி போட்டார்கள். 2010 ஏப்ரல் 9 முதல், புதிதாக வரும் இலங்கையர்களின் மனுக்களை 3 மாதமும் ஆப்கானியர்களின் மனுக்களை 6 மாதமும் கையில் எடுக்கவே இல்லை. 2012 அக்டோபரில் இலங்கையர்களுக்கென்று ஒரு குறுக்குவழி விசாரணை வந்தது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். வேலைக்காக என்பதுபோல ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால், முழு விசாரணைக்குப் போகாமலே கொழும்பு விமானத்தில் ஏற்றினார்கள். வக்கீல் வேண்டும் என்று கேட்டால் கிடைத்திருக்கலாம். கேட்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை.

கேள்வி: முகாமை மூடிவிட்டதாகப் படித்தேன். பிறகும் அங்கே ஆட்கள் இருந்ததாகச் சொல்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: 2018 அக்டோபரில் மூடினார்கள். படகில் வந்தவர்களை ஆஸ்திரேலியா அனுப்பி வைத்திருந்த நாவ்ரு, மானுஸ் தீவுகளில் இருந்த நோயாளிகளைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் சட்டம் 2019 பிப்ரவரியில் நிறைவேறியதும், அதைக் காரணம் காட்டி அரசு மறுபடி திறந்தது. 2020-ல் வூஹானிலிருந்து வந்த ஆஸ்திரேலியர்களைக் கொரோனா தனிமையில் வைத்ததும் இங்கேதான்.

2019 ஆகஸ்டில் இங்கே கொண்டுவரப்பட்டது ஒரே ஒரு தமிழ்க் குடும்பம்: குயின்ஸ்லாந்தின் பிலோயலா ஊரில் வாழ்ந்த தாய், தந்தை, ஆஸ்திரேலியாவில் பிறந்த இரண்டு சிறுமிகள். நாடு கடத்தும் விமானம் பறந்துகொண்டிருந்தபோதே நீதிமன்றத் தடை வந்ததால் டார்வினில் இறக்கி, இந்தத் தீவுக்கு மாற்றினார்கள். 2021 ஜூனில் இளைய மகளுக்கு நோய் முற்றியது. கவனிக்கும் அளவுக்குத் தீவில் ஆஸ்பத்திரி இல்லை. பெர்த்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். ஆட்சி மாறிய பிறகு, 2022 ஜூனில் நால்வரும் பிலோயலா திரும்பினார்கள். ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.