மானுக்கு எங்கே குறி வைப்பது?

"தலையில் சுட்டால் மான் வலியில்லாமல் விழுந்துவிடுமே, பிறகு ஏன் நெஞ்சில் குறி வைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பென்சில்வேனியாவில் உரிமம் பெற்று வெள்ளைவால் மான் வேட்டைக்குச் சென்று வருபவன். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

தலை வேண்டவே வேண்டாம். மூளை சிறியது, தலையோ ஓயாமல் அசைவது. இரண்டு அங்குலம் தவறித் தாடை உடைந்தால், அந்த மான் தப்பி ஓடி, இரை மெல்ல முடியாமல் பட்டினியில் சாகும்.

இதயமும் நுரையீரல்களும் சேர்ந்த பகுதி வளர்ந்த மானில் ஏறத்தாழ 8 முதல் 10 அங்குலம் வரை இருக்கும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலேறி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறியை நிறுத்தினால், தோட்டா சற்று விலகினாலும் நுரையீரலுக்குள்தான் போகும். இரு நுரையீரல்களும் துளைபட்ட மான் சிறிது தூரம் ஓடினாலும் சில நொடிகளில் விழுந்துவிடும்.

இதைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டதுதான் நான் செய்த பிழை. இரண்டாம் ஆண்டில் என் எதிரே வந்த மான் நேர்பக்கமாக நிற்காமல், நெஞ்சை என் பக்கம் திருப்பிச் சாய்வாக நின்றிருந்தது. நான் வழக்கம்போல் தோளுக்குப் பின்னால் சுட்டேன். அது நின்ற இடத்தில் ஓக் சருகின்மேல் கிடந்த இரத்தம் நுரையீரலில் பட்டதற்கு அடையாளமான இளஞ்சிவப்பு நுரையாக இல்லை. அரைபட்ட பச்சை இரை கலந்து வீச்சமடித்தது. வயிற்றில் அடிபட்ட மானை உடனே துரத்தினால் படுத்த இடத்திலிருந்து எழுந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், ஏழு மணி நேரம் காத்திருந்து போனேன். ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது. உடலில் இன்னும் சூடு இருந்தது.

அதற்குப் பிறகு, தோட்டா நுழையும் இடத்தைவிட அது வெளியேறப்போகும் இடத்தையே முதலில் பார்க்கிறேன். மான் நம்மைவிட்டு விலகிச் சாய்வாக நின்றால், குறியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, மறுபக்க முன்னங்காலை நோக்கிச் சுட வேண்டும். நம் பக்கம் சாய்ந்து நின்றால், அது திரும்பும்வரை நான் சுடுவதில்லை. பெரும்பாலும் திரும்பாமலே போய்விடுகிறது.